ஒரே ஷாஃப்ட், இரண்டு கைகள், நான்கு மைக்ரான்

வணக்கம். மேசையில் இருப்பவை 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் எஃகு ஷாஃப்ட்டும், 0.001 மில்லிமீட்டர் வரை காட்டும் ஒரு டிஜிட்டல் மைக்ரோமீட்டரும். பேரிங் அமரும் பகுதிக்கு வரைபடம் எச்6 என்ற டாலரன்ஸை (அனுமதிக்கப்படும் அளவு வரம்பை) கேட்கிறது. அதாவது விட்டம் 25.000க்கு மேலேயும் 24.987க்குக் கீழேயும் போகக் கூடாது. கிடைக்கும் இடம் மொத்தமே 13 மைக்ரான், அதாவது 0.013 மில்லிமீட்டர். அதில் அளப்பவரின் கை எவ்வளவைத் தின்றுவிடுகிறது என்பதே இன்றைய பேச்சு.

ஓர் உதாரணம். முதல் ஆப்பரேட்டர் மூன்று முறை அளந்து 24.989, 24.989, 24.990 என்று எழுதுகிறார். அதே ஷாஃப்ட்டை, அதே மைக்ரோமீட்டரால், அதே இடத்தில் அளக்கும் இரண்டாமவருக்கு 24.985, 24.986, 24.985 வருகிறது. இருவரின் ரீடிங்குகளும் தம்மளவில் ஒரு மைக்ரானுக்கு மேல் ஆடவில்லை. ஆனாலும் முதலாமவர் ஏற்றுக்கொண்டதை இரண்டாமவர் ரிஜெக்ட் செய்கிறார். ஒருவரே திரும்ப அளக்கும்போது வரும் சிதறல் ஒன்று, ஆள் மாறும்போது வரும் இடைவெளி வேறொன்று. "மூன்று முறை அளந்தேன், மூன்றும் ஒன்றாகவே வந்தன" என்பவர் முதலாவதற்கு மட்டுமே சாட்சி சொல்கிறார்.

இந்த இடைவெளி பெரும்பாலும் விரலிலிருந்து வருகிறது. மைக்ரோமீட்டரின் திருகு ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர்தான் நகரும் என்பதால், விரலின் சிறிய முறுக்கு முனையில் பெரிய அழுத்தமாகிறது. அதைப் பொதுவாக 5 முதல் 10 நியூட்டனுக்குள் நிறுத்தவே பின்னால் ராட்செட் (அழுத்தம் போதுமானதும் நழுவிச் சுழலும் சிறு குமிழ்) வைத்திருக்கிறார்கள். அனுபவசாலிகள் பலர் ராட்செட்டைத் தொடாமல், திருகைச் சுழற்றும் உருளையான திம்பிளையே பிடித்துக் கை உணர்வால் மூடுவார்கள். அவர்களைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவர்களுடைய ரீடிங் அழகாகத் திரும்பத் திரும்ப வரும், ஜீரோவையும் (அளவு தொடங்கும் பூஜ்ஜியப் புள்ளியை) அவர்களே அதே அழுத்தத்தில் வைத்திருந்தால் பிழையின் பெரும்பகுதி தானாகவே கழிந்துவிடும். சிக்கல் ஷிஃப்ட் மாறும்போதுதான் வருகிறது: காலையில் ஒருவர் ராட்செட்டால் ஜீரோ வைத்ததை, மாலையில் வருபவர் திம்பிளால் இறுக்கி அளந்தால், மைக்ரோமீட்டரின் வளைந்த உடலான ஃப்ரேம் சற்றே விரிந்து ரீடிங் குறைவாகக் காட்டும். ராட்செட்டை வேகமாகச் சுழற்றுபவரும் கணக்கில் அடங்க மாட்டார், ஏனெனில் சுழற்சியின் உந்தம் கூடுதலாக அழுத்தும்.

அடுத்தது வெப்பம். எஃகு ஒரு மீட்டருக்கு, ஒவ்வொரு டிகிரிக்கும், ஏறத்தாழ 11.5 மைக்ரான் நீளும். ஷாஃப்ட்டை உள்ளங்கையில் வைத்திருந்து அது 5 டிகிரி சூடேறினால், 25 மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 1.4 மைக்ரான் கூடும்; டாலரன்ஸில் பத்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விட்டது. ஃப்ரேமை வெறுங்கையால் நெடுநேரம் பிடித்தால் விளைவு எதிர்த்திசையில் வரும். அளவுகளுக்கான நிலையான வெப்பநிலை 20 டிகிரி. நம் ஊர்ப் பட்டறைகளில் மே மாதம் அது வெறும் கனவு. ஆனால் எஃகு ஷாஃப்ட்டும் மைக்ரோமீட்டரும் ஒரே சூட்டில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நீள்வதால் பெரிதாகக் கெடாது. அலுமினியத்தில் அந்தச் சலுகை இல்லை, அது எஃகைப்போல் இருமடங்கு நீளும்.

ஒருவரே திரும்ப அளக்கும்போது வரும் சிதறலையும், ஆள் மாறும்போது வரும் இடைவெளியையும் பிரித்துப் பார்க்கத்தான் கேஜ் ஆர் அண்ட் ஆர் என்ற சோதனை. வழக்கமாக 10 துண்டுகள், 3 ஆப்பரேட்டர்கள், ஒவ்வொரு துண்டையும் 2 அல்லது 3 முறை. முந்தைய ரீடிங்கை அளப்பவர் பார்க்கக் கூடாது, துண்டுகளின் வரிசையையும் கலைத்துவிட வேண்டும். அளக்கும் இடத்தை மார்க்கரால் குறிப்பது அவசியம். இல்லையென்றால் ஷாஃப்ட்டின் வட்டக் குறைபாடு ஆளின் பிழையாகப் பதிவாகும். (ஷாஃப்ட்டை மையத்தில் பிடிக்காமல் தேய்க்கும் சென்டர்லெஸ் கிரைண்டிங்கில் வரும் மூன்று மேட்டு வடிவம் இதிலும் பிடிபடாது, மைக்ரோமீட்டருக்கு அது எல்லாப் பக்கமும் ஒரே விட்டமாகவே தெரியும்.) துண்டுகளைத் தேர்ந்தெடுப்பதிலும் ஏமாற்ற வழியுண்டு: உற்பத்தியில் அபூர்வமாக வரும் பெரியதையும் சிறியதையும் பொறுக்கிவைத்தால், அளவீட்டுச் சிதறலைத் துண்டுகளின் வேறுபாட்டோடு ஒப்பிடும் சதவீதம் அழகாகக் குறைந்து காட்டும்.

அந்தச் சதவீதம் 10க்குக் கீழ் வந்தால் நல்லது, 30க்கு மேல் போனால் ஏற்க முடியாது என்பது வாகனத் துறையில் பரவலாக உள்ள வழக்கம். இங்கே கவனிக்க வேண்டியது, இரு பகுதிகளும் நேராகக் கூட்டப்படுவதில்லை, வர்க்கங்களாகக் கூட்டப்படுகின்றன என்பது. ஒருவரே திரும்ப அளக்கும்போது வரும் சிதறல் (இதைக் கருவியின் பங்காகக் கொள்வார்கள்) 6, ஆள்களின் வேறுபாடு 8 என்றால் மொத்தம் 14 அல்ல, 10. புதிய கருவி வாங்கி 6ஐப் பாதியாக்கினால் மொத்தம் 8.5க்குத்தான் இறங்கும், பயிற்சியால் 8ஐப் பாதியாக்கினால் 7.2க்கு இறங்கும். செலவு செய்வதற்கு முன் எந்தப் பகுதி பெரியது என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

ஆள்களின் வேறுபாடு பெரிதாக வந்தால், ஒவ்வொருவரின் சராசரியையும் துண்டுவாரியாக ஒரே வரைபடத்தில் கோடாக வரையுங்கள். ஒருவருடைய கோடு எல்லாத் துண்டுகளிலும் சம அளவில் தாழ்ந்திருந்தால், முதலில் அவருடைய ஜீரோவையும் அழுத்தத்தையும் பாருங்கள். சில துண்டுகளில் மட்டும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால், அந்தத் துண்டுகளின் விளிம்பில் பிசிறு இருக்கிறதா, அவற்றை அவர் எப்படிப் பிடிக்கிறார் என்று அருகில் நின்று கவனியுங்கள்.