செத்த காலேஜில் ஒரு மணி நேரம்

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

எழும்பூர் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும், சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்து இருந்த மிருகக்காட்சி சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் சென்னைவாசிகள் ஒரு காலத்தில் அழைத்தார்கள். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தாம். 1851-இல் அருங்காட்சியகத்தைத் தொடங்கிய மருத்துவர் எட்வர்ட் பால்ஃபரின் முயற்சியால் 1855-இல் அதே வளாகத்தில் உயிருள்ள விலங்குகளும் வைக்கப்பட்டன. அவை பின்னர் சென்ட்ரலை அடுத்த பீப்பிள்ஸ் பார்க் பூங்காவுக்கும், 1985-இல் வண்டலூருக்கும் இடம் மாறின. அருங்காட்சியகத்துக்கு ஓராண்டு முன்னதாக, 1850-இல், அலெக்சாண்டர் ஹண்டர் என்ற இன்னொரு மருத்துவர் தொடங்கிய ஓவியப் பள்ளிதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. விலங்கைப் பார்ப்பதற்கும் வரைவதற்குமான இரு இடங்கள் இந்நகரில் இப்படி அடுத்தடுத்துப் பிறந்திருந்தும், நம் பள்ளிப் பிள்ளைகள் அவ்விரண்டையும் சேர்த்து அனுபவிப்பது அரிதாகவே இருக்கிறது. ஓவிய ஆசிரியனாகப் பல ஆண்டுகள் பிள்ளைகளை எழும்பூருக்கு அழைத்துச் செல்பவன் என்ற முறையில் அதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

பள்ளிச் சுற்றுலா எப்படி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டிரண்டு பேராகக் கைகோத்து, எல்லாக் கூடங்களையும் ஒன்றரை மணி நேரத்தில் சுற்றிவிட்டு, வெளியே மரத்தடியில் புளிசாதம் சாப்பிட்டுப் பேருந்தில் ஏறிவிடுவோம். மறுநாள் வகுப்பில் “நேற்றுப் பார்த்ததை வரையுங்கள்” என்றால், இரண்டு மலைகளும் நடுவே ஒரு சூரியனும் வானத்தில் நான்கு பறவைகளும் தாளில் வந்து உட்கார்ந்திருக்கும். தொடக்கத்தில் நானும் அப்படித்தான் அழைத்துச் சென்றேன். போதாதென்று விலங்கு ஓவியப் போட்டியும் வைத்தேன். வந்து குவிந்தவற்றில் பெரும்பாலானவை கைப்பேசிப் படத்தைப் பார்த்து வரைந்த சிங்கங்கள். அவற்றுள் ஒன்றுக்குப் பரிசும் கொடுத்தேன். அந்தத் தவறு இன்னும் என்னை உறுத்துகிறது.

இப்போது முறையை மாற்றிக்கொண்டுவிட்டேன். முதலில் நான் மட்டும் போய், அருங்காட்சியகப் பணியாளர்களிடம் பேசி, கூட்டம் குறைந்த நேரத்தையும் ஒரே ஒரு காட்சிப்பொருளையும் தேர்ந்துகொள்கிறேன். பிள்ளைகள் அதன் முன் தரையில் அமர்ந்து ஒரு மணி நேரம் வரைவார்கள். ரப்பர் மட்டும் கிடையாது, ஏனென்றால் ரப்பர் கையில் இருக்கும் பிள்ளையின் கண் தாளிலேயே நிற்கும். அது இல்லாதபோதுதான் எதிரே இருக்கும் உருவத்துக்குத் திரும்பத் திரும்பப் போகும்.

யானையின் எலும்புக்கூட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மண்டையோட்டின் நடுவில் பெரிய குழி ஒன்று இருக்கும். பிள்ளைகள் அநேகமாக எல்லோரும் முதலில் அதைக் கண் என்று எண்ணி வரைந்துவிடுவார்கள். உண்மையில் அது மூக்கின் வழி. கண்குழிகள் இரு பக்கங்களிலும் இருக்கின்றன. ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, “சார், தும்பிக்கை எலும்பை யாராவது எடுத்துட்டாங்களா?” என்று கேட்டாள். தும்பிக்கையில் எலும்பே இல்லை, அது முழுக்கத் தசை என்று நான் சொன்னதும், தன் படத்தில் தும்பிக்கை வர வேண்டிய வெற்றிடத்தை அவள் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டாள். அதன் பிறகு அவள் வரைந்த எந்த யானைக்கும் தும்பிக்கை குழாய் போல் விறைத்து நிற்கவில்லை; கனத்தோடும் மடிப்போடும் தொங்கியது.

அதே வளாகத்தில், ஆந்திராவின் அமராவதி பௌத்தத் தூபியிலிருந்து வந்த சிற்பங்களுக்கான அமராவதிச் சிற்பக் கூடம் இருக்கிறது. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் செதுக்கிய வட்டப் புடைப்புச் சிற்பம் ஒன்றில், நளகிரி என்ற யானை மதம்கொண்டு ஓர் ஆளைத் தும்பிக்கையால் பற்றியிருப்பதையும், அதே யானை புத்தர் முன் மண்டியிட்டிருப்பதையும் சிற்பி ஒரே வட்டத்துக்குள் காட்டியிருக்கிறார். மேலே சாளரங்களிலிருந்து மக்கள் எட்டிப் பார்க்கிறார்கள். எலும்புக்கூட்டை வரைந்த கையோடு இதைப் பார்க்கும் பிள்ளைக்கு, மண்டியிடும் யானையின் கால் எங்கே மடிகிறது என்பது தெரிந்திருக்கும். அதனால் சிற்பியை ஒரு சக ஓவியரைப் போலவே பார்ப்பார்கள். விலங்கியல் கூடமும் சிற்பக் கூடமும் ஒரே வாசலுக்குள் இருப்பது எவ்வளவு பெரிய கொடை என்பதை அப்போதுதான் நானும் உணர்ந்தேன்.

பாடம் செய்த நீர்ப்பறவைகள் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. இறகின் நிறம் ஓரளவு தங்கும். அலகு, கால், முகத்தோல் ஆகியவற்றின் நிறம் இறந்தபின் மங்கிவிடும். ஆகவே அருங்காட்சியகத்தில் உருவத்தை மட்டும் வரைந்துகொண்டு, நிறம் தீட்டப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போகிறோம். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த இடம் அது. அசையாமல் நிற்கும் பறவை உருவத்தைத் தருகிறது. பறந்துவிடும் பறவை நிறத்தைத் தருகிறது. மஞ்சள் மூக்கு நாரையின் வாலருகே இளஞ்சிவப்பு இருப்பதைத் தன் கண்ணால் கண்டு தாளில் வைத்த பையன், அந்தச் சதுப்பில் குப்பை கொட்டுவதைப் பற்றிப் பேசும்போது குரல் உயர்த்துகிறான். நான் அவனுக்கு அதைப் பாடமாக நடத்தவில்லை.

பள்ளிகளிடம் ஒரு வேண்டுகோள்: தேர்வு நெருங்கும்போது ஓவிய வகுப்பைக் கணக்குக்குக் கொடுத்துவிடாதீர்கள். அருங்காட்சியகங்களிடமும் ஒன்று கேட்கிறேன்: பிள்ளைகள் தாளை வைத்து எழுத நாலைந்து பலகைகளும், தரையில் அமர அனுமதியும் இருந்தால் போதும்.

வரும் மாதம் எங்கள் பிள்ளைகள் திமிங்கலத்தின் எலும்புக்கூட்டின் முன் அமரப் போகிறார்கள். அதன் துடுப்புக்குள் விரல் எலும்புகள் இருப்பதை நான் அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லப் போவதில்லை.

வணக்கம்.