திருப்பி அனுப்பாமை: இறையாண்மை எங்கே நிற்க வேண்டும்?

நேயர்களுக்கு வணக்கம். உயிருக்கு ஆபத்துள்ள நாட்டுக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற நெறியைத்தான் திருப்பி அனுப்பாமை என்கிறோம்.

1951-ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. ஆனாலும் 1983 கலவரத்துக்குப் பின் கடல் கடந்து வந்த ஈழத்தமிழர்களைத் தமிழ்நாடு ஏற்றுக்கொண்டது. அடைக்கலம் கிடைத்தது, அகதி என்ற சட்ட நிலை கிடைக்கவில்லை. 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டத்துக்கு அவர்களும் சுற்றுலாப் பயணியும் ஒன்றுதான். அதற்குப் பதிலாக வந்த 2025 சட்டத்திலும் அகதிக்கென்று தனி வகை கிடையாது.

அப்படியானால் உலகச் சட்டம் உயர் நீதிமன்றப் படியேறுவது எப்படி? நேர்வழி, அரசமைப்பின் 253-ஆவது பிரிவின்கீழ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றுவது. சட்டம் வராதவரை ஒப்பந்தத்தை மட்டும் காட்டி உள்நாட்டுச் சட்டத்தை மீற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே, ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில், சொல்லிவிட்டது. இன்னொரு வழி, உள்நாட்டுச் சட்டம் வாய் திறக்காத இடத்தில் ஒப்பந்த நெறியை அடிப்படை உரிமைக்குள் சேர்த்துப் படிப்பது. 1997-இல், பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லை பற்றிய விசாகா வழக்கில் நடந்தது அதுதான். உள்நாட்டுச் சட்டம் நேரெதிராக இருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும்.

1992-இல் சென்னையில் நடந்தது இந்த இரண்டிலும் சேராது. முகாம்களிலிருந்து இலங்கைக்குத் திருப்பி அனுப்புவதை எதிர்த்த வழக்கில், விருப்பத்தோடுதான் போகிறார்களா என்பதை ஐ.நா. அகதிகள் ஆணையம் சரிபார்க்கிறது, அதை நாம் மறுபடி ஆராய வேண்டியதில்லை என்றது உயர் நீதிமன்றம். இந்தியா சேராத ஒப்பந்தத்தைக் கண்காணிக்கும் அமைப்பு அது! அந்த அமைப்பை உள்ளே விட்டது நல்லதுதான். ஆனால் சம்மதம் உண்மையானதா என்று கேட்கும் வேலையை நீதிமன்றம் யாரிடமும் விட்டுவிட்டிருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தத்துவ அறிஞர் கான்ட் 1795-இலேயே இரண்டு கேள்விகளைப் பிரித்துவைத்தார். அந்நியர் இங்கேயே குடியிருக்கலாமா என்பது ஒன்று. அதற்கு அந்த நாட்டின் சம்மதம் வேண்டும். அனுப்பினால் அழிந்துபோவார் என்றால் அனுப்பலாமா என்பது மற்றொன்று; கூடாது என்றார் அவர். 2021-இல், மியான்மரிலிருந்து வந்த ரோஹிங்யா அகதிகளை நாடுகடத்துவது பற்றிய வழக்கின் இடைக்கால உத்தரவில் உச்ச நீதிமன்றம் இவற்றைக் கலந்துவிட்டது. நாடுகடத்தப்படாமல் இருக்கும் உரிமையை, குடிமக்களுக்கு மட்டுமே உரிய 19(1)(உ) குடியிருப்பு உரிமையோடு கட்டியது. உரிய நடைமுறையின்றி அனுப்பக் கூடாது என்றது ஒன்றே மிச்சம்.

ஆகவே அரசமைப்பின் 226-ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்துக்கு மனு எழுதும் வழக்கறிஞர்கள் தங்கும் உரிமையைக் கேட்டுத் தொடங்க வேண்டாம். எல்லா மனிதருக்கும் பொருந்தும் 21-ஆவது பிரிவில், உயிரில், தொடங்குங்கள். போகும் இடத்தில் இந்த ஆளுக்கு என்ன ஆபத்து என்பதற்கு ஆவணம் வையுங்கள். நாட்டு நிலவரம் பற்றிய பொது அறிக்கை மட்டும் போதாது. நேரில் விசாரித்து முடிக்கும்வரை இடைக்காலத் தடை கேளுங்கள்.