வேலியிலிருந்து வீட்டுக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

கொங்குநாட்டின் பழைய பெரிய வீடுகளைத் தேடிப் போய்ப் பார்க்கிற பழக்கம் இப்போது நம்மவர்களிடம் வந்திருக்கிறது. மனசுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் காரைத் தலைவாசலிலேயே நிறுத்துகிறார்கள். தேக்குத் தூணோடு ஒரு படம், தொட்டி என்கிற நடுமுற்றத்தில் விழுகிற வெளிச்சத்தில் ஒரு படம், அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். காரைத் தள்ளி, இரண்டு வேலிகளுக்கு நடுவே போகிற இட்டேரி என்ற மண்பாதையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். வேலி, காடு, கிணறு, மாடு கட்டுகிற கட்டுத்தரை எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் வீட்டுக்குள் நுழையுங்கள். அந்த வீடு எதனால் நின்றது என்று அப்போதுதான் பிடிபடும்.

காங்கயத்துக்கு அருகே, நத்தக்காடையூரை ஒட்டியுள்ள பழையகோட்டையை எடுத்துக்கொள்வோம். பட்டக்காரர் என்கிற பரம்பரைத் தலைவரின் அரண்மனை இருக்கிற ஊர். அந்த வட்டாரம் மழை குறைந்த செம்மண் பூமி. அங்கே இட்டேரியில் நடந்தால் இரண்டு பக்கமும் முள்ளுக்கிளுவை வேலி வரும். கொஞ்சம் நின்று கவனியுங்கள். பட்டை பச்சையாக, வழவழவென்று இருக்கும். கோடையில் இலை முழுவதும் கொட்டிப்போய் வெறும் முள்ளாக நிற்கும். ஒரு மழை பெய்துவிட்டால் தளதளவென்று துளிர்த்துவிடும். இதற்கு நாற்று வேண்டாம், விதை வேண்டாம். போத்து, அதாவது கிளைக்குச்சி, வெட்டி ஊன்றினால் வேர் பிடித்துக்கொள்ளும். கம்பி வேலி துருப்பிடிக்கும், கல்தூண் சாயும்; கிளுவை வேலி ஆண்டுக்கு ஆண்டு அடர்த்தியாகும். அணிலும் ஓணானும் காடையும் குடியிருக்கிற வேலி அது.

வேலிக்கு உள்ளே கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம். தரையில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். மாட்டைப் படலுக்குள் விட்டுவிட்டால் அதன் பாட்டுக்கு மேயும். ஒரு காட்டில் புல் குறைந்ததும் அடுத்த காட்டுக்கு மாற்றுவார்கள்; மேய்ந்த காடு அதற்குள் தேறிக்கொள்ளும். புல் காய்ந்துபோகிற கோடையில் வெள்வேலங்காய் உதிர்ந்து மாட்டுக்குத் தீனியாகும். இவ்வளவு சிக்கனமாக, இவ்வளவு அழகாகத் திட்டமிட்ட தோட்டத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. ரோஜாவும் புல்தரையும் இருந்தால்தான் அரண்மனைத் தோட்டம் என்று நினைப்பவர்கள் இந்தக் காட்டுக்குள் ஒருமுறை நடந்துவிட்டு வர வேண்டும்.

இந்த மேய்ச்சலில் வளர்ந்ததுதான் காங்கயம் மாடு. பிறக்கும்போது கன்று செவலையாக இருக்கும். ஆறு மாதத்தில் நிறம் மாறத் தொடங்கும். காளைக்குத் திமிலிலும் முன்னங்காலிலும் கருமை ஏறும். மயிலை, காரி, செவலை, பிள்ளை என்று நிறத்தை வைத்தே பெயர் சொல்லிவிடுவார்கள். இந்த இனத்தைப் பொறுக்கியெடுத்து வளர்த்ததில் பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியாருக்குப் பெரிய பங்குண்டு. அரண்மனையின் பேரும் பெருமையும் அந்த மந்தையோடு சேர்ந்தே வெளியூருக்குப் போயின.

அடுத்தது கிணறு. நம் பக்கத்துக் கிணறுகள் பாறையை உடைத்துத் தோண்டியவை. எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். பழைய கிணற்று மேட்டில் கவலை ஓட்டிய, அதாவது எருது பூட்டித் தண்ணீர் இறைத்த, தடம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. கிணற்றிலிருந்து விலகி, சரிவாகக் கீழே இறங்குகிற பாதை அது. எருதுகள் சரிவில் இறங்கும்போது அவற்றின் எடையே தண்ணீரை மேலே இழுத்தது. ஓட்டுகிறவர் வடக்கயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்து தன் எடையையும் சேர்த்துக்கொள்வார். தண்ணீர் மொள்ளுகிற சால் மேலே வந்ததும், அதன் அடியில் இருக்கிற தோல் குழாயின் வாயை வால்கயிறு திறந்து, தண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிடும். பிறகு எருதுகள் பின்னோக்கியே மேடேற வேண்டும். விடிவதற்கு முன்னால் தொடங்குகிற வேலை. 1932-இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி, மோட்டார் பம்புகள் பெருகப் பெருகக் கவலைச் சத்தம் மெல்ல ஓய்ந்தது.

அந்தத் தோலைத் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர். அவர்கள் கை படாமல் ஒரு குடம் தண்ணீர்கூட மேலே வந்திருக்காது. அந்தத் தண்ணீரில் வாழ்ந்த வீட்டுக்குள் அவர்கள் வரக்கூடாது என்று வாசலோடு நிறுத்தி வைத்தார்கள். ஆசாரம் என்கிற கூடத்தின் அழகைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது இதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பாதி வீட்டைத்தான் காட்டியிருப்பீர்கள்.

இனி உள்ளே போகலாம். இவற்றில் பெரும்பாலானவை இன்றும் குடும்பங்கள் குடியிருக்கிற வீடுகள். முன்கூட்டியே சொல்லி, சரி என்றால் மட்டும் போக வேண்டும். அப்படி நடுமுற்றம் வைத்த ஒரு தொட்டிக்கட்டு வீட்டுக்குப் போனபோது, "வாங்க கண்ணு, முதல்ல தண்ணி குடிங்க" என்று ஒரு ஆத்தா சொம்பை நீட்டினார். வந்த விஷயத்தைக் குடித்த பிறகுதான் கேட்டார். ஆசாரத்தில் உட்கார்ந்து அண்ணாந்தால் நாட்டு ஓட்டின் அடுக்கு தெரிந்தது. வெளியே சித்திரை வெயில்; உள்ளே மண்சுவரின் கனத்தில் சூடு அண்டவில்லை. "ஓடு மாத்தற ஆளுதான் கிடைக்கறதில்லீங்க" என்றார். ஓடு ஒன்று விலகினால் மழைநீர் கூரையின் மரச்சட்டத்தில் இறங்கும், சட்டம் இற்றால் சுவர் கரையும். இத்தனை வீடுகள் இடிந்ததற்கு அதுவே பெரிய காரணம். பொடக்காளியில், அதாவது கொல்லைப்புறத்தில், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் பாய்ந்து ஒரு தென்னையும், பக்கத்தில் செவ்வரளியும் நந்தியாவட்டையும் செழித்திருந்தன.

ஒரு பழைய கட்டடம் முழுதாக நிற்பதே இந்த வட்டாரத்தில் பெரிய காரியம். அறச்சலூர் பக்கம் ஓடாநிலையில் தீரன் சின்னமலை கட்டிய கோட்டையைக் கும்பினிப் படை, அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை, இடித்துத் தள்ளியது. 1805-இல் அவரைச் சங்ககிரியில் தூக்கிலிட்டது. இன்று நாம் இழப்பது பீரங்கியால் அல்ல. காடு மனையாகிறது, வேலி வெட்டப்படுகிறது, மாடு விற்கப்படுகிறது.

போக நினைப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு போனால் கொறங்காடு பச்சைப் பிடித்திருக்கும். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் பழையகோட்டை மாட்டுத்தாவணி என்கிற மாட்டுச் சந்தையையும் பார்த்துவிடலாம். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

வணக்கம்.