ஒகேனக்கல் வீடியோவைத் திருடிவிட்டார்கள், ஸ்கிரீன்ஷாட் போதுமா?

வணக்கம் மக்களே! பின்னால் கேட்பது அருவிச் சத்தம் இல்லை, தருமபுரி பஸ் ஸ்டாண்டு. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒகேனக்கல்லில் பரிசலில் போய் எடுத்த வீடியோ ஞாபகம் இருக்கிறதா? அதில் நாற்பது விநாடியை வெட்டி, மூலையில் இருந்த என் பெயரை மறைத்து, ஒருவர் தன் பக்கத்தில் போட்டுவிட்டார். யார் என்று கமெண்டில் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன்.

பதறிப்போய் ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்துக் குவித்து வக்கீலிடம் கொண்டுபோனேன். இரண்டைப் பார்த்தார். "அது கிடக்கட்டும் தம்பி, கேமராவில் பதிவான ஃபைல் எங்கே?" என்றார்.

காப்புரிமையைப் பதிவு செய்யவில்லையே என்றுதான் நான் பயந்தேன். அது கட்டாயமே இல்லையாம். 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 62-வது பிரிவுப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சிக்கல் சாட்சியத்தில்தான். மின்னணு ஆதாரத்துக்கு முன்பு பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் என்பார்களே, 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய சாக்‌ஷிய அதினியத்தின், அதாவது புதிய சாட்சியச் சட்டத்தின், 63-வது பிரிவு. ஃபைலின் நகலைக் கொடுத்தால் கூடவே சான்றிதழும் வேண்டும். ஒரு பகுதியில் நான் கையெழுத்துப் போடவேண்டும், இன்னொன்றில் நிபுணர். ஃபைலின் ஹாஷ் எண்ணையும் அதில் எழுதவேண்டும்.

ஹாஷ் என்பது ஃபைலின் கைரேகை மாதிரி. வீட்டுக்கு வந்து சோதித்துப் பார்த்தேன். பெயரை மாற்றினேன், ஹாஷ் மாறவில்லை. அதே வீடியோவை வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பி இறக்கினேன், மொத்தமும் வேறு! கண்ணுக்கு ஒரே வீடியோ, கணக்குக்கு வேறு ஃபைல். மெமரி கார்டை அழித்துவிட்டு வாட்ஸ்அப் நகலை நம்புகிறவர்களே, கேட்டுக்கொள்ளுங்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். இந்த ஒரு கார்டு தப்பியது சோம்பேறித்தனத்தால்.

எதிராளியின் பக்கத்தையும் லிங்க், தேதி, நேரம் தெரிய ஸ்கிரீன் ரெக்கார்டிங் எடுத்து வைத்துவிட்டுத்தான் புகார் கொடுக்கவேண்டும். முந்திக்கொண்டு கொடுத்தால் அவர் அழித்துவிடுவார், நம் கையில் ஒன்றும் இருக்காது.

சரி, இப்போது என் கூத்து. பேட்டரியைக் கழற்றி மாட்டியதில் கேமராவின் கடிகாரம் 2019 காட்டிக்கொண்டிருந்திருக்கிறது! ஃபைலிலும் அதே தேதி. திருத்திவிடலாமா என்று கேட்டதற்கு வக்கீல் முறைத்த முறை இருக்கிறதே! "கை வைக்காதே, நடந்ததை அப்படியே எழுதிக் கொடு. அன்றைக்கு அங்கே இருந்ததற்கு வேறு ஏதாவது இருக்கிறதா?" என்றார்.

இருந்தது. அன்று மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு ஜிபேயில் கொடுத்த பணம். அந்தப் பதிவைத் தாக்கல் செய்வதற்கும் தனியாக ஒரு சான்றிதழ் வேண்டுமாம்.