சந்தேகங்களுக்கு விளக்கம்: ஆறு வயசுப் பிள்ளைக்கு அமெரிக்க அதிபர்கள் கதை

அடுத்த கேள்வி அமெரிக்காவுல இருக்கற ஒரு அம்மா கேட்டிருக்காங்க. "பையனுக்கு ஆறு வயசு. பிப்ரவரி ஆனா ஸ்கூல்ல பிரசிடென்ட்ஸ் டேன்னு அதிபர்களைப் பத்தி சொல்லித் தர்றாங்க. லைப்ரரியில படம் போட்ட வாழ்க்கை வரலாறு நாலஞ்சு எடுத்துட்டு வந்தேன். ஒண்ணுல முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டின கதை இருக்கு, இன்னொண்ணுல இல்ல. எது சரி? அவர் அடிமைகளை வச்சிருந்ததை இந்த வயசுல சொல்லலாமா? எல்லா அதிபர் பேரையும் வரிசையா மனப்பாடம் பண்ண வைக்கணுமா?"

மனப்பாடம் வேணாங்க. நடுவுல இன்னொருத்தர் அதிபரா இருந்ததால குரோவர் கிளீவ்லேண்ட் 22ஆவதாவும் வருவார், 24ஆவதாவும் வருவார். டிரம்ப் 45, அப்புறம் 47. அந்தக் கணக்குல நமக்கே தலை சுத்தும், பிள்ளையை விட்டுடுங்க.

செர்ரி மரக் கதைக்கு வர்றேன். சின்னப் பையனா இருந்தப்போ வாஷிங்டன் அப்பாவோட செர்ரி மரத்தை வெட்டிட்டு, பொய் சொல்லாம ஒத்துக்கிட்டார்ங்கறதுதான் கதை. அப்படி நடந்ததுக்கு ஆதாரம் எதுவும் இல்ல. வாஷிங்டன் இறந்தது 1799ல. மேசன் வீம்ஸ்னு ஒரு பாதிரியார் அவரோட வாழ்க்கை வரலாறை எழுதினார். அதுல இந்தக் கதை முதல்ல வந்தது 1806 பதிப்புலதான். பொய் சொல்லக் கூடாதுன்னு சொல்லித் தர ஒரு கட்டுக்கதை, பாருங்க! படிச்சுக் காட்டுங்க, தப்பில்ல. ஆனா "இது அவரைப் பத்தி பின்னாடி ஒருத்தர் சொன்ன கதை"ன்னு ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லிடுங்க.

நிஜமா நடந்ததே அதைவிட நல்லா இருக்கறப்போ கட்டுக்கதை எதுக்கு? லிங்கன் தாடியை எடுத்துக்கோங்க. 1860 அக்டோபர்ல, தேர்தலுக்கு முன்னாடி, நியூயார்க் மாநிலத்துல வெஸ்ட்ஃபீல்டுங்கற ஊர்ல இருந்து கிரேஸ் பெடல்னு 11 வயசுப் பொண்ணு அவருக்கு லெட்டர் போடுது. உங்க முகம் ரொம்ப ஒல்லியா இருக்கு, தாடி வச்சா நல்லா இருக்கும்னு. அவரும் பதில் போடறார். எனக்குப் பொண்ணு இல்லம்மா, மூணு பசங்கன்னு அவங்க வயசெல்லாம் எழுதிட்டு, இப்போ போய் தாடி வச்சா ஜனங்க சிரிக்க மாட்டாங்களான்னு கேக்கறார். ஆனா வளர்த்துட்டார்! 1861 பிப்ரவரியில பதவியேற்கப் போற வழியில ரயில் அந்த ஊர்ல நின்னப்போ, அந்தப் பொண்ணைக் கூப்பிட்டுப் பார்த்துட்டுத்தான் போனார். தாடி இல்லாத போட்டோ ஒண்ணு, தாடியோட ஒண்ணு, ரெண்டையும் பையன் முன்னாடி வைங்க. அதிபர்னா என்ன வேலைன்னு ஆறு வயசுல புரியாது. ஒரு சின்னப் பொண்ணு லெட்டர் போட்டா, பெரிய மனுஷன் பதில் போட்டார்ங்கறது நல்லாவே புரியும்.

இப்போ அடிமை விஷயம். சொல்லலாமான்னா, சொல்லணும். அடி உதையெல்லாம் இப்போ வேணாம். "வாஷிங்டன் பண்ணையில வேலை செஞ்ச நிறைய பேருக்குச் சம்பளம் கிடையாது, பிடிக்கலன்னு கிளம்பிப் போகவும் விட மாட்டாங்க. அது தப்பு." அவ்வளவு போதும். அவங்கப்பா இறந்தப்போ 11 வயசு வாஷிங்டனுக்குச் சொத்தா வந்ததுல பத்து அடிமைகளும் உண்டு. தன் பேர்ல இருந்தவங்களுக்கு விடுதலைன்னு உயில்லதான் எழுதினார், அதுவும் மனைவி காலத்துக்கு அப்புறம்னு.

எழுத்தைவிட படத்தைக் கவனிங்க, ஏன்னா பிள்ளை படிக்கறது படத்தைத்தான். 2016 ஜனவரியில ஒரு பெரிய பதிப்பகம் தன் படப் புத்தகத்தையே கடைகள்ல இருந்து திரும்ப வாங்கிக்கிச்சு. வாஷிங்டன் வீட்டு சமையல்காரர் ஹெர்குலிஸ், அவர் அடிமை. அதுல அவர் சிரிச்சுக்கிட்டே கேக் செய்யற மாதிரி வரைஞ்சிருந்தாங்க. நிஜத்துல 1797ல அவர் அங்கிருந்து தப்பிச்சுப் போயிட்டார். அதனால எந்தப் புத்தகமானாலும் குதிரையைப் பிடிச்சுட்டு நிக்கறது யாரு, அடுப்படியில யாருன்னு பையனையே கேளுங்க.

புத்தகம் எடுக்கறப்போ கடைசிப் பக்கத்தை முதல்ல பாருங்க. எது நடந்தது, எது கற்பனைன்னு நல்ல எழுத்தாளர்கள் அங்க ஒரு குறிப்பு போடுவாங்க. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் புத்தகம்னா சக்கர நாற்காலி படத்துல இருக்கான்னு தேடுங்க. 1921ல, 39 வயசுல, போலியோ வந்துதான் அவருக்கு நடக்க முடியாம போச்சு. வாஷிங்டன் நகரத்துல அவர் நினைவிடத்தை 1997ல திறந்தாங்க, சக்கர நாற்காலி பளிச்சுன்னு தெரியற சிலையை வச்சது 2001லதான். அவரை மேஜைக்குப் பின்னாடியே உக்கார வச்சு வரைஞ்ச புத்தகம்னா, அதைத் திருப்பிக் கொடுத்துட்டு வேற எடுங்க.