பழைய பெட்ரோல் லாரிக்குக் கார்புரேட்டரா, இன்ஜெக்ஷனா? நேயர் கேள்விக்கு விளக்கம்

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு நேயர் எழுதிய கேள்வி இரண்டு வாரமாக என் மனத்தை விட்டு அகலவில்லை. அவருடைய தாத்தா நடத்திய அரிசி ஆலையின் கொட்டகையில், பெட்ரோல் இன்ஜின் பொருத்திய பழைய பெட்ஃபோர்டு லாரி ஒன்று பல வருடங்களாக நிற்கிறதாம். அதை மறுபடி ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறார். பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, அதே வேலையைச் சென்சார்களின் உதவியோடு செய்யும் எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷன் மாட்டலாமா என்பது அவருடைய கேள்வி.

நெல் மூட்டை ஏற்றிச் செல்லும் பழைய லேலண்டு, டாடா லாரி வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். அவை டீசல் வண்டிகள். அவற்றில் கார்புரேட்டரே கிடையாது. காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தத்தில் பம்ப்தான் டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சுகிறது.

கார்புரேட்டரின் குறுகிய கழுத்தான வெஞ்சுரி பற்றி முன்பு பேசியபோது சொன்னதை இங்கே மறுபடியும் சொல்கிறேன். ஒரு கிலோ பெட்ரோல் முழுவதுமாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இந்த அளவைப் பிடிப்பதுதான் கார்புரேட்டரின் வேலை, இன்ஜெக்ஷனின் வேலையும் அதுவே. கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று விரையும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு, ஜெட் என்னும் சிறு திருகின் துளை வழியாகப் பெட்ரோலை இழுக்கிறது. வாய்க்கால் கரையில் பதித்த குழாயைப் போன்றது அந்தத் துளை. வாய்க்காலில் தண்ணீர் ஏறினால் கூடுதலாகப் பாயும், இறங்கினால் குறையும். ஆனால் வயலில் இருப்பது நேற்று நட்ட நாற்றா, கதிர் விட்ட பயிரா என்பது குழாய்க்குத் தெரியாது. இன்ஜெக்ஷன், மண்வெட்டியோடு வரப்பில் நிற்கும் ஆளைப் போன்றது. காற்றின் அழுத்தத்தையும் இன்ஜினின் சூட்டையும் பார்த்து, புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் சொல்வதையும் கேட்டு, பெட்ரோலைப் பீய்ச்சும் முனையான இன்ஜெக்டர் எத்தனை மில்லி விநாடி திறந்திருக்க வேண்டும் என்று அது ஒவ்வொரு முறையும் முடிவு செய்கிறது.

இன்று பெட்ரோல் பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால் இந்த வேறுபாடு முன்பைவிட முக்கியமாகிறது. ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ காற்றே போதும். ஒரு கிலோ கலவைக்கு ஏறத்தாழ 13.5 கிலோ தேவை. தூய பெட்ரோலுக்காகத் துளையிட்ட பழைய ஜெட் இதற்குக் குறைவாகவே ஊட்டும். இன்ஜின் இழுக்கத் தயங்கும், சூடேறும். இன்ஜெக்ஷன் இதைத் தானே சரிசெய்துகொள்ளும் என்பது உண்மை. ஆனால் ஓடும்போது பெட்ரோல் ஊட்டும் மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக மாற்றியும் இந்தக் குறையைப் பெரும்பாலும் போக்கிவிடலாம்.

நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு பழைய பெட்ரோல் ஜீப்பைப் பார்த்தேன். ஓடும்போது ஒரு குறையும் தெரியாது. ரயில்வே கேட்டில் நின்றால் இன்ஜின் அணைந்துவிடும். கார்புரேட்டரை மூன்று முறை பிரித்துக் கழுவியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் நன்றாக ஓடி, மறுபடியும் அதே கேட்டில் நின்றது. உரிமையாளர் வெறுத்துப்போய் கார்புரேட்டரையே மாற்றத் துணிந்துவிட்டார். நான் டாங்கின் அடித்திருகைக் கழற்றச் சொன்னேன். ஒரு டம்ளர் தண்ணீரும், காவிக் கரைசல் போன்ற துருவும் வந்தன. அந்தத் துருத்தூள், துளைகளில் மிக நுண்ணியதான, வண்டி நிற்கும்போது இன்ஜினுக்குப் பெட்ரோல் ஊட்டும் ஐடில் ஜெட்டைத் திரும்பத் திரும்ப அடைத்துக்கொண்டிருந்தது. டாங்கைக் கழுவி, புது ஃபில்டர் போட்ட பிறகு அதே கார்புரேட்டரோடு அந்த ஜீப் ஓடுகிறது.

ஆகவே அந்த நேயர் டாங்கைப் பற்றிக் கேட்டிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். நம் பகுதியின் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நின்ற வண்டியின் டாங்கில் தண்ணீர் சேராமல் இருக்காது. துருவைக் கார்புரேட்டராவது ஓரளவு பொறுக்கும், கழற்றி ஊதினால் தீரும். இன்ஜெக்டர் அவ்வளவும் பொறுக்காது. அதோடு, இன்ஜெக்ஷன் மாட்டினால், ஐடிலில் சரியாகச் சார்ஜ் ஏற்றாத பழைய டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்நேட்டர் மாட்ட வேண்டும், அழுத்தம் கொடுக்கும் மின்பம்ப் வேண்டும், மிஞ்சும் பெட்ரோல் டாங்குக்குத் திரும்ப ஒரு குழாயும் வேண்டும். தினமும் பாரம் ஏற்றி ஓடப்போகும் வண்டி என்றால் இத்தனை செலவும் தகும். ஆயுத பூஜைக்கும், எப்போதாவது மன்னார்குடி வரைக்கும் போகப்போகும் தாத்தாவின் லாரிக்குக் கார்புரேட்டரே இருக்கட்டும் என்பது என் கருத்து.

ஐயா, முதலில் டாங்கின் அடியில் வருவதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து, ஒரு நாள் அசையாமல் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். ஜெட்டின் மேல் பொறித்திருக்கும் எண்ணையும் எழுதுங்கள். எந்த அளவு ஜெட் போடலாம் என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன்.