வெளியேறுறோம்னு சொல்லியாச்சு, எப்படி வெளியேறுறது?

எல்லாருக்கும் வணக்கம். பிரெக்ஸிட், அதாவது ஐரோப்பிய நாடுகளோட கூட்டமைப்பான ஐரோப்பிய ஒன்றியத்த விட்டு பிரிட்டன் வெளியேறினதுன்னு சொன்னதும் நம்மாளுங்க கேக்குறது ஒண்ணுதான், அது சரியா தப்பா? நான் அதுக்குள்ள போகல. எனக்கு உறுத்துறது அதுக்காக அங்க நடந்த வாக்கெடுப்புல ஓட்டுச்சீட்டுல இருந்த கேள்வி.

2016 ஜூன் 23. ஐரோப்பிய ஒன்றியத்துல இருக்கணுமா, வெளியேறணுமா, அவ்வளவுதான் கேட்டாங்க. 51.9 சதவீதம் பேர் வெளியேறணும்னாங்க. சரி, இருக்கணும்ங்கறதுக்கு அர்த்தம் ஒண்ணுதான், வெளியேறுறதுக்கு? நார்வே மாதிரி வெளிய நின்னுக்கிட்டே, பொது விதிப்படி சரக்கும் ஆளும் தடையில்லாம போய்வர்ற ஒற்றைச் சந்தைக்குள்ள இருக்கலாம், துருக்கி மாதிரி, உள்ளுக்குள்ள சுங்கவரி இல்லாம வெளிச்சரக்குக்கு ஒரே வரி போடுற சுங்க ஒன்றியம் மட்டும் வச்சுக்கலாம், இல்ல மொத்தமா அறுத்துக்கிட்டுப் போயிடலாம். மக்கள் இதுல எதைச் சொன்னாங்க? சீட்டுல அது இல்லவே இல்ல, அதனால அவங்கவங்க மனசுல இருந்ததையே மக்கள் தீர்ப்புன்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க.

ஓட்டு போட்டவங்கள முட்டாள்னு சொல்றவங்க கூட எனக்கு ஒத்துப்போகாது. இங்கிலாந்துல கிரிம்ஸ்பின்னு ஒரு துறைமுகம், மீன்பிடிக்குப் பேர்போன ஊரு, ஐஸ்லாந்தோட நடந்த காட் மீன் தகராறுல பாதி தொழில் போச்சு, அப்புறம் எவ்வளவு மீன் பிடிக்கலாம்னு பிரஸ்ஸல்ஸ்ல இருந்து ஒன்றியம் போட்ட கோட்டா வேற, அந்தப் பகுதியில கிட்டத்தட்ட 70 சதவீதம் வெளியேறணும்னு போட்டாங்க, அவங்க கோபம் பொய்யில்ல. பொய்யின்னா அது வெளியேறணும்னு பிரசாரம் பண்ணவங்க ஓட்டின சிவப்பு பஸ்ல எழுதியிருந்த கணக்குதான். வாரம் 35 கோடி பவுண்டு ஐரோப்பாவுக்குப் போகுதுன்னு எழுதினாங்க, பிரிட்டனுக்குக் கொடுத்த தள்ளுபடி கழிச்சுதான் பணமே போகுதுங்கறத எழுதல.

இடையில ஒரு வேடிக்கை. அங்க குடியிருந்த இந்தியா, இலங்கை குடிமக்களுக்கு காமன்வெல்த் நாட்டுக்காரங்கங்கறதால அந்த வாக்கெடுப்புல ஓட்டு உண்டு, ஆனா இருபது வருஷமா அங்கயே வேலை பாத்த போலந்துக்காரருக்குக் கிடையாது! ஐரோப்பாக்காரங்க வரத்து குறைஞ்சா நம்ம ஊர் சமையல்காரங்களுக்கு விசா ஈஸியாகும்னு கறி ஹோட்டல்காரங்ககிட்ட பிரசாரமும் நடந்துச்சு.

இப்ப அயர்லாந்துக்கு வருவோம், பிரசாரத்துல பெரும்பாலானவங்க கண்டுக்காத விஷயம் இதுதான். வட அயர்லாந்து பிரிட்டனோட சேர்ந்தது, தெக்க இருக்குற அயர்லாந்து தனி நாடு, ஒன்றியத்துல இருக்கு. நடுவுல சுமார் 500 கிலோமீட்டர் எல்லை, தாண்டுற ரோடு 200க்கும் மேல. முப்பது வருஷம் குண்டு, துப்பாக்கின்னு கிடந்த இடம், 1998ல போட்ட புனித வெள்ளி அமைதி ஒப்பந்தத்துக்கு அப்புறம்தான் அடங்குச்சு, ராணுவச் சாவடியெல்லாம் எடுத்தாங்க. சொத்து பிரிக்கும்போது பொதுக்கிணறுதான் கடைசி வரை தகராறு பண்ணும்ல, அந்தக் கதைதான். சந்தையை விட்டு வெளிய வந்தா சரக்க எங்கயாவது சோதிக்கணும், அந்த எல்லையில சோதிச்சா பழைய ரணம் கிளறும், பிரிட்டனுக்கும் வட அயர்லாந்துக்கும் நடுவுல இருக்குற கடல்ல சோதிச்சா சொந்த நாட்டுக்குள்ளயே கோடு போட்ட மாதிரி ஆயிடும். ரெண்டும் வேணாம்னா சந்தைக்குள்ளயும் சுங்க ஒன்றியத்துக்குள்ளயும் இருக்கணும். அப்போ பிரதமரா இருந்த தெரசா மே ஒரு வழி கொண்டு வந்தாங்க, 2019 ஜனவரியில 432க்கு 202ன்னு பார்லிமென்ட் தூக்கிப் போட்டுச்சு, அதுல எதிர்த்துப் போட்டவங்கள்ல அவங்க கட்சிக்காரங்களே நூத்துக்கும் மேல.

கடைசியில அடுத்து பிரதமரா வந்த போரிஸ் ஜான்சன் கடல்லயே கோடு போட்டாரு. 2020 ஜனவரி 31 பிரிட்டன் வெளிய வந்துருச்சு. ஆனா 55.8 சதவீதம் இருக்கணும்னு போட்ட வட அயர்லாந்துல, சரக்கு விஷயத்துல ஒன்றியத்தோட விதி நெறைய இன்னும் ஓடுது, அத எதிர்த்து பிரிட்டனோடயே இருக்கணும்ங்கற யூனியனிஸ்ட்டுகளோட பெரிய கட்சி அந்த ஊர் அரசாங்கத்த விட்டு வெளிய வர, 2022ல இருந்து ரெண்டு வருஷம் அங்க ஒழுங்கா இயங்குற அமைச்சரவையே இல்லாம கிடந்துச்சு.